தகடுதான் ஆடுது

அந்தப் பட்டறையில் அவருக்குப் பெயர் காது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. மற்றபடி "காதைக் கூப்பிடு", "காது வந்தாச்சா", "காது டீ குடிச்சிட்டு வரட்டும்" என்றுதான் பேச்சு. புதிதாக வரும் வாடிக்கையாளர்கள் முதலில் சிரிப்பார்கள். அவர் வேலை செய்வதைப் பார்த்தபின் அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

கார்களுக்கு ட்யூனிங் செய்வது அவர் வேலை. சாதுவாக ஓடிக்கொண்டிருந்த காரில் பெரிய டர்போவைப் பொருத்தி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குப் புதுப் பாடம் எழுதித் தருவார். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். தீப்பொறி விழும் நேரமும் மாற வேண்டும். பொறி கொஞ்சம் முந்தினால் பலம் கூடும். இன்னும் கொஞ்சம் முந்தினால் உள்ளே இருக்கும் கலவை தானே வெடித்து பிஸ்டனை அறையும். இதை நாக்கிங் என்பார்கள். தகர டப்பாவில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சன்னமான சத்தம் அது. இன்ஜின் அலறும்போது அதைப் பிரித்துக் கேட்பது, சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தத்தைத் தேடுவது மாதிரி.

காது தேடிப் பிடித்துவிடுவார். ஒரு செப்புக் குழாயின் முனையைத் தட்டையாக்கி இன்ஜின் கட்டையில் போல்ட் போட்டு இறுக்குவார். மறுமுனையில் ரப்பர் குழாய். அது காதை மூடும் பழைய காப்பு ஒன்றுக்குள் போய் முடியும். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார்.

"மூவாயிரத்து எண்ணூறு சுத்துல ரெண்டு தட்டு தட்டுது. பொறியை ஒரு டிகிரி பின்னாடி இழு."

கம்பெனி வைத்து அனுப்பும் நாக்கிங் சென்சரை அவர் மதித்ததே இல்லை. "அது பயந்தாங்கொள்ளி. நிழலைப் பார்த்தாலே குரைக்கும். அணைச்சு வை" என்பார்.

இப்படி ஒரு காது இருந்ததால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேர்ந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குழாயில் உட்கார்ந்து எண்ணுவது ஏர்ஃப்ளோ சென்சர், சுங்கச்சாவடிக்காரன் மாதிரி. அது சொல்லும் கணக்கை நம்பித்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும், பொறியைப் போடும். டர்போ பெரிதானால் பழைய சென்சரின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் முட்டி நின்றுவிடும். அப்போது அகலமான குழாயோடு பெரிய சென்சர் மாட்ட வேண்டும். மாட்டியபின் கம்ப்யூட்டரில் அதற்கென்று இருக்கும் அட்டவணையின் அறுபத்து நான்கு எண்களையும் புதிதாக அளந்து எழுத வேண்டும். ஒன்றரை நாள் வேலை.

காது அதை எழுத மாட்டார். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அளவைச் சொல்லும் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிடுவார். கம்ப்யூட்டர் காற்றைக் குறைத்தே எண்ணும். ஆனால் அந்த ஒற்றைப் பொய்யால் பெட்ரோல் சரியாக விழும். புகைக்குழாயில் அளந்து பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை, காற்று கொஞ்சம்தான் என்று நம்பும் கம்ப்யூட்டர் இன்ஜினுக்குப் பாரமே இல்லை என்று எண்ணிப் பொறியை முந்தி முந்திப் போடும். நாக்கிங் வரும். வரட்டுமே! காது கேட்டு, தட்டும் இடத்திலெல்லாம் பொறியைப் பின்னுக்கு இழுத்துவிடுவார். அரை நாளில் கார் வாசலைத் தாண்டிவிடும். பதினேழு வருஷத்தில் அவர் கை வைத்த ஒரு இன்ஜினும் உடைந்ததில்லை.

"கணக்குல தப்பினா என்ன, காதுல மாட்டிக்கும்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அது கத்தி முடிச்சு எவ்வளவு நேரமாச்சு! எடுங்களேன்."

"கத்துச்சா? பேட்டரி போயிருக்கும்."

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மறுநாள் கடையிலிருந்து வேறொரு தெர்மாமீட்டரோடு வந்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று அதை அழுத்தினாள். நான்கு தடவையும் அது கத்தியது. அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அவள்தான் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் ஒரு கோடு நல்ல ரோடு மாதிரி நேராகப் போய், திடீரென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது.

"பேச்செல்லாம் நல்லா கேக்கும். சன்னமான சத்தம்தான் இந்தப் பள்ளத்துல விழுந்துடும்" என்றாள் பரிசோதித்த பெண். "மெஷின் பக்கத்துல வேலையா சார்? காதை மூடிக்கிட்டுத்தான் வேலை பாக்கணும்."

"மூடிக்கிட்டுத்தான்மா பாத்தேன்" என்றார்.

அந்தத் தாளை நான்காக மடித்து லேப்டாப் பைக்குள் அடியில் வைத்தார். வெளியில் மூச்சு விடவில்லை. காது இல்லாத காதை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? அன்றிலிருந்து எல்லாக் காரிலும் பொறியைத் தேவைக்கு மேலேயே பின்னுக்கு இழுத்து வைத்தார். இன்ஜின் உடையாது, ஆனால் பாய்ச்சலும் இருக்காது. "என்ன காது, வண்டி மாமியார் வீட்டுக்குப் போன மருமக மாதிரி அடங்கிப் போச்சு?" என்று ஒருவர் கேட்டார். "பெட்ரோல் சரியில்லை" என்றார் இவர். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

மனைவியின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அக்காவைவிடப் பதினொரு வயது இளையவன்; அவள் வளர்த்த பிள்ளை. நாள் முழுக்க இருபது மாடிக் குழிகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்வான். இருந்த ஒரே பைத்தியம் அவனுடைய பழைய நாலு கதவுக் கார். வெள்ளிக்கிழமை காலையில் வேலை என்று பேசி, வியாழன் சாயங்காலமே காரைக் கொண்டுவந்து விட்டான். கையில் ஒரு பெட்டி.

"மாமா, பாருங்க. என் முஷ்டியே உள்ள போகுது!" பெரிய ஏர்ஃப்ளோ சென்சரின் குழாய்க்குள் கையை விட்டுக் காட்டினான்.

"போனா போச்சு, திரும்ப வருதான்னு பாரு."

"கிண்டல் பண்ணாதீங்க. போன தடவை நீங்க பண்ணிக் கொடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மாமா, பள்ளிக்கூட வேன் ஒண்ணு என்னை முந்திடுச்சு. உள்ள இருந்த பிள்ளைங்க டாட்டா காட்டுதுங்க."

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இந்தத் தடவை அடக்கி வைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை மலைப்பாதை ஓட்டம். ரோட்டை மூடிட்டு ஒவ்வொரு காரா விடுவாங்க. ஒரே ஒரு தடவை மாமா. அது என்ன ஓடுமோ அதை ஓடட்டும்."

மறுநாள் காலை மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் கார் இன்னிக்குத்தானே?"

"ம்."

"அவன்கிட்ட சொல்லிடுங்க."

"என்னத்த?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. மத்தவங்க காருக்கெல்லாம் நான் வாயைத் திறக்கல. அதுவே பாவம். இவன் என் தம்பி."

"சொன்னா முதலாளி காதுக்குப் போகும். நாளைக்கே வீட்ல உக்கார வேண்டியதுதான்."

"உக்காருங்க. நான் வேலைக்குப் போறேன்ல?" பல்லில் கடித்திருந்த கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டினாள். "நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

"சொல்றேன்னு சொல்றேன்ல. விடு."

சொல்லத்தான் நினைத்தார். அது முடியாவிட்டால், குறைந்தது அறுபத்து நான்கு எண்களையும் ஒழுங்காக அளந்து எழுதிவிடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். கணக்கு சரியாக இருந்தால் பொறி தன் இடத்தில் விழும்; காது வேண்டாம். வெள்ளி, சனி இருக்கிறது. நேரம் போதும்.

சென்சரை மாட்டி, காரை டைனோ உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். இடத்தைவிட்டு நகராமல் காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் மேடை அது. காது லேப்டாப்பில் அந்த அட்டவணையைத் திறந்தார். முதல் எண்ணை மாற்றினார். இரண்டாவதை மாற்றினார்.

முதலாளி தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். கூடவே வேறு இரண்டு வாடிக்கையாளர்கள். "என்னப்பா இது, இந்த வயசுல வாய்ப்பாடு எழுதற? நம்ம வழக்கம் என்னாச்சு?"

"இல்ல, பெரிய சென்சர், அதான்..."

"அட, என் மாமா காதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்லாம் கைகட்டி நிக்கணும் சார்" என்றான் மச்சான் அந்த இரண்டு பேரிடமும். "கேட்டே சொல்லிடுவாரு. பாருங்களேன்."

அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். காது அட்டவணையை மூடினார். இன்ஜெக்டர் எண்ணை மாற்றினார். ஒரே எண். செப்புக் குழாயை இன்ஜினில் இறுக்கி, காப்பைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

முதல் ஓட்டம். குழாய்க்குள் கடல் இரைவது மாதிரி இரைச்சல். முன்பெல்லாம் அதற்கு மேலே, தனியாக, குண்டுகள் குலுங்கும். இப்போது அந்த இடத்தில் பஞ்சு அடைத்திருந்தது. கண்ணைத் திறந்தால் நான்கு பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குத்துமதிப்பில் இரண்டு இடங்களில் பொறியைப் பின்னுக்கு இழுத்தார். வழக்கமாக இழுக்கும் அளவு இழுத்திருந்தால் மறுபடியும் பள்ளிக்கூட வேன்தான். இழுக்கவில்லை.

மூன்றாவது ஓட்டத்தில் திரையில் எண்கள் ஏறின. மச்சான் கையைத் தட்டினான். பிறகு தலையைச் சாய்த்தான்.

"மாமா, ஏதோ சில்லறை குலுங்கற மாதிரி ஒரு சத்தம் வருதே?"

காதின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

"தகடுதான் ஆடுது" என்றார். "டர்போ மேல சூடு தடுக்க ஒரு தகடு இருக்குல்ல, அது."

"அதானா!" என்றான் மச்சான். நிம்மதியாக.

சனிக்கிழமை அவன் தன் வீட்டு வாசலில் காருக்கடியில் படுத்து, அந்தத் தகட்டின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, புது வாஷர் போட்டு முடுக்கினான். படம் எடுத்து அனுப்பினான். 'இனிமே ஆடாது மாமா.' காது அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். மனைவி, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். "பேசிட்டேன்" என்றார். அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று இருந்தது. தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் கயிற்றுக்குப் பின்னால் கணவனும் மனைவியும் நின்றார்கள். மச்சான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். கொடி இறங்கியது. கார் சீறிக்கொண்டு போய் முதல் வளைவில் மறைந்தது. அதன்பின் சத்தம்தான். ஏறுகிறது, கியர் மாறுகிறது, ஏறுகிறது. தாழ்ந்த சத்தங்கள் காதுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும். அதனால் அந்த 'டொம்' அவருக்கும் கேட்டது.

பிறகு மலை அமைதியானது. யாரோ சிவப்புக் கொடியோடு ஓடினார்கள்.

பிஸ்டன் உடைந்து, அதன் தண்டு இன்ஜின் கட்டையைத் துளைத்து வெளியே வந்திருந்தது. கொதிக்கும் எண்ணெய் ரோட்டில் கொட்ட, அவன் காரே அதில் வழுக்கித் திரும்பிப் பாறைச் சுவரில் மோதியது. உயிர் இருந்தது. இடுப்பில் எலும்பு விலகியிருந்தது. வலது மணிக்கட்டு பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தது. இரண்டு ஆபரேஷன்களுக்குப் பிறகு டாக்டர், கை இருக்கும், ஆனால் மணிக்கட்டு திரும்பாது என்றார். லிஃப்ட் குழியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவனுக்குத் திரும்பாத மணிக்கட்டு எதற்கு?

நினைவு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "நான்தான் கியரைத் தப்பா போட்டேன் போல."

பட்டறையில் இன்ஜினைப் பிரித்தார்கள். உடையாமல் மிஞ்சிய மூன்று பிஸ்டன்களை முதலாளி மேஜையில் வரிசையாக வைத்தார். விளிம்புகள் கரையான் அரித்த மாதிரி பொடிப்பொடியாகத் தின்னப்பட்டிருந்தன. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அதைப் பார்த்தால் போதும்; வேறு சாட்சி வேண்டாம். முதலாளி பார்த்தார். காதைப் பார்த்தார்.

"நீ கேக்கலியா?"

காது ஒரு பிஸ்டனின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

முதலாளி பழைய துணி ஒன்றை எடுத்துப் பிஸ்டன்களின் மேல் போட்டார். "அவனே கியரைத் தப்பா போட்டேன்னுதானே சொல்றான். அப்படியே இருக்கட்டும். நாம எதுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்? அவனும் உன் மச்சான்தானே, ஊரான் இல்லையே."

அவர் போனபிறகு காது லேப்டாப்பைத் திறந்து அந்த அட்டவணையைப் பார்த்தார். அறுபத்து நான்கில் முதல் இரண்டு எண்கள் மட்டும் மாறியிருந்தன. மூடும்போது சேமிக்கிறேன் என்று அழுத்தியிருக்கிறார் போல. மீதி அறுபத்திரண்டும் பழையபடியே கிடந்தன. அன்றைக்கே உட்கார்ந்திருந்தால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எழுதி முடித்திருக்கலாம். அவர் துணிக்கடியிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரி அறையில் மச்சான் இடது கையால் ஆரஞ்சு உரிக்கப் பழகிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா. அக்கா இப்பத்தான் ஃபிளாஸ்கை எடுத்துக்கிட்டு கீழே போச்சு. பாருங்க, ஒரு சுளைக்குப் பத்து நிமிஷம். இந்த ரேட்டுல நான் சாப்பிட்டா ஆஸ்பத்திரிக்கே லாபம்."

காது உட்காரவில்லை. பிஸ்டனை எடுத்துப் போர்வைமேல் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனும் இயந்திரம் தெரிந்தவன்.

"இது கியர் மாறினதால வந்தது இல்லையே."

"இல்ல. நாக்கிங். உன் மேல தப்பே இல்ல."

"அப்புறம் எப்படி... நீங்க கேட்டுத்தானே செட் பண்ணீங்க?"

"எனக்குக் கேக்காதுப்பா. அந்தச் சத்தம் கேட்டு ரெண்டு வருஷமாச்சு." பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து அவன் பக்கத்தில் வைத்தார். தாள் மடிப்புகளில் கிழிந்திருந்தது. "கணக்கும் ஒழுங்கா போடல. ரெண்டும் தெரிஞ்சேதான் உன்னை அனுப்பினேன்."

அவன் தாளைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தான்.

"நான் கேட்டேனே மாமா. சில்லறை குலுங்குதுன்னு சொன்னேனே. நீங்க தகடுன்னு சொன்னீங்க." குரல் எழும்பவே இல்லை. "நான் போய் அந்தத் தகட்டை முடுக்கினேன். அடியில படுத்துக்கிட்டு. புது வாஷர் போட்டு."

"ஆமா."

ஆரஞ்சுச் சுளை ஒன்று போர்வையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"அக்காவுக்குத் தெரியுமா?"

வரும் வழியில் எல்லாக் கேள்விக்கும் பதில் யோசித்து வைத்திருந்தார். இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை. தன்னை வெட்டிப் போடுவதற்கு வந்தவருக்கு, அவளை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று தெரியவில்லை.

"தெரியாது" என்றார்.

"தெரியும்டா."

மனைவி ஃபிளாஸ்கோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. "எனக்கு முதல்லேருந்தே தெரியும். வெள்ளிக்கிழமை உனக்குப் போன் பண்ண நம்பரை எடுத்தேன். எடுத்துட்டு, இவர் சொல்லிடுவாருன்னு வச்சிட்டேன். சனிக்கிழமை இவர் முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது, சொல்லலேன்னு. அப்பவும் பண்ணல."

அவன் அக்காவைப் பார்த்த பார்வையைக் காது தாங்கமாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு விழ வேண்டிய அடியையும் சேர்த்து அவள் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்ச நேரம் வெளியே இருங்க" என்றான் அவன். "ரெண்டு பேரும்."

அந்தக் கொஞ்ச நேரம் முடியவே இல்லை. அவன் டிஸ்சார்ஜ் ஆகி ஒரு நண்பன் வீட்டுக்குப் போனான். அக்கா சமைத்து அனுப்பிய பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டுகூட இல்லை. முதலாளியிடம் காது தானே போய்ச் சொன்னார். முதலாளி திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருந்தா முன்னாடி உக்கார வச்சு பில் போடச் சொல்லியிருப்பேனேடா, பாவி" என்றார். இப்போது காது முன்னால் உட்கார்ந்து பில் போடுகிறார். வண்டிகளை ட்யூன் செய்ய வேறு ஆள் வந்துவிட்டான்; அவன் அறுபத்து நான்கு எண்களையும் எழுதுகிறவன். பெயர் மட்டும் மாறவில்லை. "காது, இதுக்கு ஒரு பில் போடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மச்சான் பட்டறை வாசலில் வந்து நின்றான். ஊன்றுகோல், பாதியாக இளைத்த உடம்பு. காது எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"வாப்பா. வா, உள்ள வந்து உக்காரு. அக்கா..."

"அந்த ஏர்ஃப்ளோ சென்சர் உடையாம இருக்குன்னு சொன்னாங்க" என்றான் அவன். "அதைக் கழட்டிக் கொடுங்க சார்."

கல்யாணமான நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டவன். எட்டு வயசில் அவர் பைக்கின் டேங்க் மேல் உட்கார்ந்து ஹாரன் அடித்தவன். அந்த 'சார்' அவர் காதில் தெளிவாக விழுந்தது, பள்ளத்தில் விழவில்லை.

பின்கட்டில், நசுங்கிய கார் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. காது மண்டியிட்டு இரண்டு பக்கக் கிளாம்ப்புகளையும் தளர்த்தினார். ஒயரின் பூட்டை அழுத்தி உருவினார். குழாய்க்குள் படிந்திருந்த தூசியை ஊதி, நல்ல துணியாகத் தேடி எடுத்துச் சுற்றினார். கொண்டுவந்து கொடுத்தபோது, மச்சான் வலது கையை நீட்டப் போய், பழக்க தோஷத்தை உணர்ந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு இடது கையை நீட்டினான்.

"பில் ஏதாவது போடணுமா சார்?"

"இல்ல" என்றார் காது. "அது உன்னோடதுதான்."

அவன் தலையாட்டிவிட்டு, பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊன்றுகோலை எடுத்து, படியில் ஒவ்வொரு காலாக இறங்கினான். இறங்கி முடிக்கும்வரை காது மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே டைனோவில் யாருடைய காரோ ஓட ஆரம்பித்தது.